அண்ணன் பேரில் தம்பி ரத்தம்

ஊரார் அழுக்கில் பிழைப்பவள் நான். லாண்டரிக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்று, வருகிற துணியைப் புரட்டிப் பார்த்து வாங்குவது என் வேலை. காலரில் இருப்பது வியர்வையா சாயமா, மடிப்பில் இருப்பது எண்ணெயா வாந்தியா என்று பார்த்துச் சொல்லிவிடுவேன். மூக்கைப் பொத்தமாட்டேன், முகம் சுளிக்கமாட்டேன். அப்படிப்பட்ட எனக்கே எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் குமட்டுகிறது.

எங்கள் வீட்டில் கீழே என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். மேலே நாங்கள். சமையலறை கீழே, இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றே ஒன்று. அண்ணனைப் பெரியவர் என்போம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அத்தனை உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாலும் எங்களை மேலேயிருந்துதான் பார்ப்பார். என் கணவர் சின்னவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்துப் படிக்கவைத்தது அண்ணன். நன்றி இருக்கவேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் தும்மினால் தம்பி கைக்குட்டையை நீட்டுவதும், அண்ணன் கோபப்பட்டால் தம்பி சாப்பிடாமல் படுப்பதும் நன்றியில் சேராது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

இரண்டு பேருக்கும் சர்க்கரை உண்டு. பெரியவர் ஆள் பருமன். மாத்திரையை விழுங்கிய கையோடு கேக்கை எடுப்பவர். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் ஏதோ விரிசல் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்குவார். சின்னவர் ஒல்லி. விடிந்ததும் நடக்கப் போவார், டீயில் சர்க்கரை கிடையாது, பசித்தாலும் அளவு தாண்டமாட்டார். இந்த வீட்டில் யாருக்காவது நெஞ்சைப் பிடிக்கும் என்றால் அது பெரியவருக்குத்தான் என்று நாங்கள் எல்லோருமே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

துறைமுகக் கம்பெனி அப்போதுதான் புது விதி கொண்டுவந்தது. சர்க்கரை உள்ள கிரேன் ஓட்டுநர்கள் எல்லோரும் ரத்தம் கொடுக்கவேண்டும். சர்க்கரை அளவுக்காக இல்லை. இதயத் தசை நோகும்போது ரத்தத்தில் கசிகிற ட்ரோபோனின் என்ற புரதம், இதயம் திணறும்போது சுரக்கிற இன்னொன்று, இப்படிச் சிலவற்றை அளந்துபார்த்து, யாருக்கு இனிமேல் மாரடைப்பு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கிற பரிசோதனை. அபாயம் என்று வந்தால் கூண்டை விட்டு இறக்கி, கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள்.

பெரியவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை சமையலறைக்கு வந்து, என் கணவரின் தோளில் கை போட்டார். அந்தக் கை அப்படி விழுந்தாலே ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

"டேய், நீ தான் ஒழுங்கா இருக்கியே. மூஞ்சியும் என்னை மாதிரிதான். என் கம்பெனி கார்டை எடுத்துட்டுப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்துடு. போட்டோ பழசு, நான் ஒல்லியா இருந்தப்ப எடுத்தது. யாரு உத்துப் பாக்கப் போறா?"

"சரிண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். யோசிக்கக்கூட இல்லை.

"மாமா, இது தப்பில்லையா?" என்று கேட்டேன். "அவ்வளவு உயரத்துல நீங்க மயங்கி விழுந்தா கீழ நிக்கறவங்க கதி என்ன?"

பெரியவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்து, "ஒரு ஊசி குத்தறதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிற?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

ரிசல்ட் வந்த அன்று மாலை பெரியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் இருந்த காகிதத்தை மேசையில் அறைந்தார்.

"ரத்தமாடா அது? உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்! ரெண்டு அளவும் எங்கேயோ நிக்குதாம். அபாயம்னு சிவப்புல போட்டிருக்கான். நாளையிலேருந்து கிடங்குல உக்காந்து பெட்டி எண்ணணுமாம் நான்!"

என் கணவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சிடுங்கண்ணே."

தன் ரத்தம் கெட்டிருப்பதற்கு ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். அது யாருடைய ரத்தம், அந்தச் சிவப்பு எழுத்து யாருடைய நெஞ்சைப் பற்றியது என்று அந்த அறையில் இருந்த பெரியவர், அவர் மனைவி, என் கணவர் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"இவருக்குத்தான் ஆபத்துன்னு அர்த்தம்," என்றேன். "மாமாவுக்கு இல்ல. இவருக்கு."

"அட, இவ ஒருத்தி," என்றார் பெரியவர். "இங்க என் பொழப்பே போச்சு."

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நோயாளி என்று வீடே நம்பத் தொடங்கியது. துறைமுகத்திலிருந்து கூட வேலை செய்பவர்கள் பழக்கூடையோடு பார்க்க வந்தார்கள். பெரியவர் சாய்வு நாற்காலியில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நெஞ்சுல ஏதோ பிசையற மாதிரி இருக்குப்பா" என்று முனகினார். வந்தவர்களை ஏமாற்றத்தான் நடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர்கள் போன பிறகும் முனகினார். என் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, உப்பில்லாமல் அவருக்குத் தனிச் சமையல் வைத்தாள். காலை அமுக்கிவிட்டாள். நடக்கும்போது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். அந்த ரத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? கார்டைச் சட்டைப் பையில் வைத்துத் தம்பியை அனுப்பியதே அவள்தான்.

"அக்கா, நோய் மேல் மாடியில இருக்கு. நீங்க கீழ் மாடியில மருந்து தேய்க்கிறீங்க," என்றேன்.

"கண்ணு போடாதே. பாவம், அவர் எவ்வளவு இளைச்சுட்டார் தெரியுமா?" என்றாள்.

என்னவர் காலையில் நடந்துவிட்டு வந்து, அண்ணனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, அண்ணன் சாப்பிடாத உப்புச் சாப்பாட்டைத் தான் சாப்பிட்டு, வேலைக்குப் போனார். படியேறி வரும்போது அவர் உதட்டைச் சுற்றி வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் ஏது?

"வாங்க, உங்க பேர்ல ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்," என்று கெஞ்சினேன்.

"உனக்கு விஷயம் புரியல. இந்த டெஸ்ட் எடுக்கிற லேப் ஊர்ல ஒண்ணுதான். என் பேர்லயும் அதே மாதிரி வந்தா, ரெண்டையும் வச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்க. அண்ணன் மாட்டிக்குவாரு."

"நீங்க செத்துப்போனா?"

"எனக்கென்ன? நான் தினம் நடக்கிறேன்."

அன்றைக்கு அவர் சட்டையை அலசும்போது எனக்கே அவர்மேல் ஒரு வெறுப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் வராதது. அண்ணன் மேல் வந்த வெறுப்பு எனக்குப் பழகிப்போனது. இது புதிது. சோப்பு நுரையைக் கழுவிவிட்டு வெகுநேரம் குழாயடியிலேயே நின்றேன்.

கம்பெனி டாக்டர் பெரியவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பெரியவர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். தலை சுற்றி, கக்கூஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்தபடியே அவருக்கு ஞானம் வந்திருக்கவேண்டும். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்பாங்க. அளவு இறங்கியிருந்தா கிரேனைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அதனால இந்த மாத்திரையை நீ போடு," என்று தம்பியைக் காட்டினார். "அதுக்கு முன்னாடி இதய டாக்டரைப் பாத்து அவங்க கையால ஒரு சர்டிபிகேட் வாங்கணுமாம். அதுக்கும் நீயே போ. ரத்தம் ஒரு உடம்பு, ஸ்கேன் ஒரு உடம்புன்னு இருந்தா சந்தேகம் வரும். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே உடம்புதான் போகணும்."

"சரிண்ணே," என்றார் இவர். முகத்தில் ஒரு வெளிச்சம். தன் உயிருக்காக ஒரு டெஸ்ட் எடுக்கமாட்டேன் என்றவர், அண்ணனின் கூண்டுக்காக மாத்திரையை வேளை தவறாமல் போடத் தொடங்கினார். நான் எழுந்து போய் வாய் கொப்பளித்தேன்.

ஆனாலும் நான் எதிர்த்துப் பேசவில்லை. எந்த வழியாகப் போனால் என்ன, இதய டாக்டர் முன்னால் இந்த மனுஷன் போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அவர் பிழைத்தால் போதும். மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் ஒத்திகை நடந்தது. பெரியவர் பிறந்த தேதியை இவர் மனப்பாடமாக ஒப்பித்தார். ஓரகத்தி மனைவியாக வருகிறாள். நான் தம்பி மனைவியாம், துணைக்கு வருகிறேனாம். "நீ மட்டும் வாயைத் திறக்காதே," என்று பெரியவர் என்னிடம் விரலை ஆட்டினார். அவர் வீட்டிலேயே ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அவர் தென்படக்கூடாதல்லவா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். தரையில் பினாயில் ஈரம் காயவில்லை. நர்ஸ் கம்பெனி அனுப்பிய ஃபைலைப் பார்த்துவிட்டு இவரை எடைக்கருவியில் ஏற்றினாள். முள்ளைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள்.

"அடேயப்பா, எப்படி சார் இவ்வளவு குறைச்சீங்க?"

இவர் விழித்தார். ஓரகத்தி முந்திக்கொண்டாள். "எல்லாம் என் சமையல்தான் சிஸ்டர். உப்பு, எண்ணெய் எதையும் கண்ணுல காட்டறதில்ல." அவள் முகத்தில் அசல் பெருமை. என் கணவரின் எலும்பு தெரிகிற உடம்பைக் காட்டி அவள் பாராட்டு வாங்குவதை, நான் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பார்த்திருந்தேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதய டாக்டர் ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இவரைத் தேடிவந்து, கட்டில் ஓரத்திலேயே நின்று பேசினார்.

"நெஞ்சு வலி எதாவது வந்துச்சா சார்?"

"இல்ல மேடம். ஒரு தடவை நல்லா வேர்த்துது. வாயுன்னு நெனச்சு சோடா குடிச்சேன்."

"அது வாயு இல்ல. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு. சர்க்கரை ரொம்ப நாளா இருந்தா நரம்பு மரத்துடும், வலியே தெரியாது. அதுக்குத்தான் ரத்தத்துல பாக்கறோம். உங்க ரத்தம் உண்மையைச் சொல்லியிருக்கு. இன்னிக்கே சேர்த்து, குழாய்ல எங்க அடைப்புன்னு பாத்து எடுக்கணும். வீட்டுக்கு அனுப்ப முடியாது."

இவருக்குப் பச்சை அங்கி மாட்டி, சக்கரக் கட்டிலில் ஏற்றினார்கள். டாக்டர் சம்மதக் காகிதத்தை அட்டையில் சொருகிக்கொண்டு திரும்பினார்.

"மனைவி யாரு?"

எழுந்திருக்கப்போன என்னை ஓரகத்தி கையால் அழுத்தி உட்காரவைத்தாள். தான் எழுந்தாள். பேனாவை வாங்கினாள். இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மேடம், நான்தான் மனைவி. இவர் என் புருஷன். அந்த ஃபைல் இவரோட அண்ணனோடது. அண்ணனுக்கு பதிலா இவர் ரத்தம் குடுத்தாரு. எல்லாமே பொய். இவர் பேரே வேற."

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கினார். வெளுத்த உதடு. நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டிய இடங்களில் இன்னும் பசை.

"இல்லைங்க மேடம்," என்றார் என் கணவர், நிதானமாக. "இது என் தம்பி சம்சாரம். கொஞ்சம் பயந்த சுபாவம். பதட்டத்துல என்னமோ உளறுது. நீங்க அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்குங்க."

அவர் விரல் ஓரகத்தியைக் காட்டியது.

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. திருமணமாகி இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அவர் காய்ச்சலில் எடுத்த வாந்தியை இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத அருவருப்பு, அந்த ஒரு விரலைப் பார்த்து வந்தது. சாகக் கிடக்கிறபோதும் இந்த ஆளுக்கு அண்ணன்தான். நான் யாரோ ஒரு தம்பியின் பெண்டாட்டி. அங்கே அப்படியே விட்டுவிட்டு நடந்துபோய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கால் நகரவில்லை.

ஓரகத்தி அட்டையை மேசைமேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் முள்ளை வைத்தவள், நிறுத்தினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இதுல ஆபத்து எதாவது உண்டா?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா இதயம் பலவீனமா இருக்கு. ஆபத்தே இல்லைன்னு சொல்லமாட்டேன்."

"ஒருவேளை… ஒருவேளை எதாவது ஆச்சுன்னா, யாரு செத்ததா எழுதுவீங்க?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "ஃபைல்ல யார் பேர் இருக்கோ அவர்தான். வேற யாரை எழுதறது?"

ஓரகத்தியின் கையிலிருந்து பேனா நழுவி, மேசையில் உருண்டு, தரையில் விழுந்தது.

"ஐயையோ! என் புருஷன் வீட்டுல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு! அவரைச் செத்ததா எழுதி, நான் உயிரோட இருக்கிற புருஷனுக்கு விதவையாகணுமா? அதெல்லாம் முடியாது! இது அவர் தம்பி மேடம்! இவ சொல்றதுதான் நிஜம்! இவதான் பொண்டாட்டி! எனக்கும் இந்த ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் நான் கத்தி, கெஞ்சி, அழுது வெளியே வராத உண்மை, அவளுடைய ஒரு பயத்தில் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என் கணவரின் உயிருக்காக இல்லை. ஒரு காகிதத்தில் அவள் விதவையாகிவிடக் கூடாது, அதற்காக. என் தலைவிதி, அதற்கும் நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டாக்டர் அட்டையிலிருந்து அந்தக் காகிதத்தை உருவினார். அவர் முகத்திலும் நான் என் முகத்தில் வைத்திருந்த அதே சுளிப்பைப் பார்த்தேன்.

"அப்போ," என்று ஓரகத்தியிடம் மெதுவாகக் கேட்டார், "கிரேன் ஓட்டுற உங்க வீட்டுக்காரரோட ரத்தத்தை இதுவரைக்கும் யாருமே பாக்கலையா?"

ஓரகத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதைக் கம்பெனிக்கு நான் சொல்லியாகணும்," என்றார் டாக்டர். "அது அப்புறம். முதல்ல இந்த மனுஷனை உள்ள கொண்டுபோகணும்." புதிதாக ஒரு காகிதத்தை நர்ஸ் எடுத்துவந்தாள். அதில் என் கணவரின் பெயரை, வயதை நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அவர் மறுத்துப் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இமை ஓரத்தில் ஈரம். எனக்காக இருக்கும் என்று, வெட்கங்கெட்டவள், நான் ஒரு நிமிஷம் நினைத்தேன். கட்டில் அருகே போய்க் குனிந்தேன்.

அவர் கை போர்வைக்கு வெளியே வந்து காற்றில் தடவியது. என் கையைக் கொடுத்தேன். அதை விலக்கிவிட்டார்.

"போனைக் குடு," என்றார். "உள்ள போறதுக்குள்ள அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன். சொன்னது நான் இல்லைன்னு அவருக்குத் தெரியணும்."

போனை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். நர்ஸிடமிருந்து பேனாவை வாங்கினேன். 'நோயாளிக்கு உறவு' என்று கேட்டிருந்த இடத்தில் மனைவி என்று எழுதும்போது எனக்குக் கை கூசியது. எழுதினேன்.